எம்மன்ஸ்: பணியும் முடிவும்

1853ஆம் ஆண்டு வாஷிங்டனில் ஒரு புத்தகம் வெளியானது. 1775இல் அமெரிக்கக் கடற்படை தோன்றியதிலிருந்து அந்த ஆண்டு வரை அதில் இருந்த கப்பல்களையெல்லாம் வரிசைப்படுத்தும் நூல். எங்கே கட்டப்பட்டது, எத்தனை பீரங்கிகளைச் சுமந்தது என்று பெரும்பாலும் அட்டவணைகளாகவே செல்லும். அக்கால வழக்கப்படி மிக நீண்ட தலைப்பு. ஒவ்வொரு கலத்தின் பணியையும் முடிவையும் சுருக்கமாகச் சொல்வது என்று நூலின் நோக்கமும் அந்தத் தலைப்பிலேயே அடங்கியிருக்கிறது. தொகுத்தவர் ஜார்ஜ் ஃபாஸ்டர் எம்மன்ஸ் என்ற லெப்டினன்ட். எழுத்தாளர் அல்லர். வில்க்ஸ் தலைமையில் 1838 முதல் 1842 வரை உலகைச் சுற்றிய ஆய்வுப் பயணத்தில் இருந்தவர். 1841இல் ஓரிகானிலிருந்து கலிஃபோர்னியாவுக்குத் தரைவழியே ஒரு குழுவை நடத்திச் சென்றவர். ரஷ்யாவிடமிருந்து அலாஸ்காவை வாங்கிக்கொண்ட 1867இல், அதைப் பெறச்சென்ற அமெரிக்கப் பிரதிநிதி பயணம் செய்த கப்பல் இவருடைய பொறுப்பில் இருந்தது. ரியர் அட்மிரலாக ஓய்வுபெற்று 1884இல் இறந்தார்.

கடற்படை வரலாற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் தளபதிகளையும் போர்களையும் தேடிப் போவார்கள். எம்மன்ஸ் கப்பல்களை எண்ணினார். வென்ற கப்பலுக்கும் துறைமுகத்தில் மட்கி விறகாய்ப் போன கப்பலுக்கும் அவருடைய பட்டியலில் இடம் உண்டு. அப்படிப்பட்டவருடைய பெயரை 1941இல் ஒரு கப்பலுக்கு வைத்தார்கள். அந்தக் கப்பலின் பணியையும் முடிவையும் பற்றியதே இக்கட்டுரை.

மெய்ன் மாநிலத்தில் கென்னபெக் ஆற்றின் கரையில் பாத் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்குள்ள பாத் அயர்ன் ஒர்க்ஸ் கப்பல்கட்டும் தளத்தில் 1940 நவம்பரில் எம்மன்ஸுக்கு அடிமரம் இடப்பட்டது. (இரும்புக் கப்பலுக்கும் அடிமரம் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறோம். மொழி தன் பழைய தொழில்களை எளிதில் கைவிடுவதில்லை.) 1941 ஆகஸ்ட் 23 அன்று நீரில் இறங்கியது. 1941 டிசம்பர் 5 அன்று கடற்படையில் சேர்ந்தது. இரண்டு நாள் கழித்து ஜப்பானிய விமானங்கள் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கின. அமைதிக்காலக் கப்பலாக எம்மன்ஸ் வாழ்ந்தது அந்த இரண்டு நாட்கள் மட்டுமே.

அது க்ளீவ்ஸ் வகையைச் சேர்ந்த நாசகாரி. 1,630 டன், ஏறத்தாழ 106 மீட்டர் நீளம், மணிக்கு முப்பத்தைந்து கடல் மைலுக்கும் மேலான வேகம், ஐந்து அங்குலப் பீரங்கிகள், டார்பிடோக் குழாய்கள், நீர்மூழ்கிகளுக்கு எதிரான ஆழ்நீர்க் குண்டுகள். நாசகாரி என்ற தமிழ்ச் சொல்லில் ஏதோ அரக்கத்தன்மை ஏறிவிட்டது. உண்மையில் பெருங்கப்பல்களின் கூட்டத்தில் இதுதான் மெலிந்த கலம். இதன் உடம்பில் கவசம் என்று சொல்லத்தக்கது இல்லை. தகரத்தைவிடச் சற்றே தடித்த எஃகுத் தகடுதான். வேகமும் திரும்பும் லாகவமும்தான் காப்பு. அவற்றை இழந்தால் எஞ்சுவது எரிபொருளும் வெடிமருந்தும் சுமார் 250 மனிதர்களும் நெருக்கமாக அடைக்கப்பட்ட ஒரு நீண்ட பெட்டி. இந்தக் கப்பலின் இறுதி மணிநேரத்தைப் புரிந்துகொள்ள இதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

முதல் மூன்று ஆண்டுகளின் பணிப்பதிவைப் படித்தால் ஐரோப்பியப் போரின் வரைபடத்தை ஒரு விரல் தடவிச் செல்வது போலிருக்கிறது. 1942 வசந்தத்தில் ரேஞ்சர் என்ற விமானந்தாங்கிக்குத் துணையாக ஆப்பிரிக்காவின் தங்கக் கடற்கரை நோக்கிப் பயணம். அதே ஆண்டு ஆகஸ்டில் டஸ்கலூசா என்ற க்ரூசருடன் வடதுருவக் கடல் வழியே ரஷ்யாவின் கோலா வளைகுடாவுக்கு. பிரிட்டிஷ் விமானப் படையின் தரைப்பணியாளர்களையும் டார்பிடோக்களையும் மருந்துகளையும் சேர்ப்பிக்கும் பணி. நவம்பரில் மொராக்கோ கரையில் அமெரிக்கப் படைகள் இறங்கியபோது அங்கே. 1943 கோடையில் பிரிட்டிஷ் உள்நாட்டுக் கப்பற்படையுடன் ஸ்கேப்பா ஃப்ளோவில், நார்வேயின் மலையிடுக்குகளில் பதுங்கியிருந்த டிர்பிட்ஸ் வெளியே வருமா என்ற காத்திருப்பில். அது வரவில்லை.

இந்தப் பதிவில் என்னை நிறுத்திய இடம் 1944 மே. மத்தியதரைக் கடலில் யு-616 என்ற ஜெர்மானிய நீர்மூழ்கியை எட்டு அமெரிக்க நாசகாரிகள் மூன்று நாள் துரத்தின. எம்மன்ஸும் எல்லிசனும் ராட்மனும் அவற்றில் இருந்தன. இந்த மூன்று பெயர்களும் பின்னர் மீண்டும் வரும். நீருக்கடியில் காற்றும் மின்கலமும் தீர்ந்துகொண்டே வர, மேலே கப்பல்கள் மாறி மாறித் தேட, மே 17 அன்று நீர்மூழ்கி வேறு வழியின்றி மேலெழுந்தது. குண்டுமழையில் மூழ்கியது. ஆனால் அதிலிருந்த 53 பேரும் உயிருடன் மீட்கப்பட்டார்கள். ஒருவர்கூட இறக்கவில்லை. நீர்மூழ்கிப் போரின் வரலாற்றில் இது மிக அரிது. மூன்று நாள் கொல்லத் துரத்தியவர்கள் நான்காவது கணத்தில் கயிறு வீசித் தூக்கிவிட்டார்கள். கடலோடிகளின் பழைய அறம் அந்தப் போரிலும் எங்கோ மிச்சமிருந்தது. அடுத்த ஆண்டு எம்மன்ஸ் சந்தித்த எதிரிகளுக்கு அப்படி மீட்கப்படும் சாத்தியமே வைக்கப்பட்டிருக்கவில்லை.

பிறகு நார்மண்டி. 1944 ஜூன் 6 அன்று ஒமாஹா கடற்கரையில் இறங்கிய காலாட்படை மணலிலேயே அறுபட்டுக்கொண்டிருந்தபோது, நாசகாரிகள் தரைதட்டும் அபாயத்தைப் பொருட்படுத்தாமல் கரையை நெருங்கி வந்து குன்றின்மேலிருந்த ஜெர்மானிய நிலைகளைச் சுட்டன. எம்மன்ஸ் அந்த வரிசையில் ஒன்று. ஜூன் 25 அன்று ஷெர்போர்க் துறைமுகத்தின் கரைப்பீரங்கிகளுடன் நேருக்கு நேர் மோதல். ஆகஸ்டில் தென்பிரான்ஸ். இவற்றைப் பற்றி நூலகம் நூலகமாக எழுதியாகிவிட்டது. நான் கடந்து செல்கிறேன்.

1944 இறுதியில் ஐரோப்பியக் கடலில் நாசகாரிகளுக்கு வேலை குறைந்தது. பசிபிக்கில் வேறொரு வேலைக்குக் கப்பல்கள் தேவைப்பட்டன. எம்மன்ஸும் அதன் தோழமைக் கப்பல்களும் கப்பல்தளத்துக்குள் சென்றன. டார்பிடோக் குழாய்கள் கழற்றப்பட்டன. பின்பக்கத்துப் பீரங்கி ஒன்று போயிற்று. அந்த இடத்தில் வடச்சுருள்களும் இழுவைப்பொறிகளும் மிதவைகளும் மின்னாக்கிகளும் வந்தன. நவம்பர் 15 அன்று டிடி-457 என்ற அதன் எண் டிஎம்எஸ்-22 என்று மாறியது. கண்ணி அகற்றும் நாசகாரி. இத்தகைய கப்பல்களைக் கண்ணிவாரி என்று சுருக்கமாக அழைப்போம். கடலைப் பெருக்கி வாருவதுதான் அதன் வேலை.

கண்ணி என்பது தமிழில் மிகப் பழைய சொல். தலையில் சூடும் மாலைக்கும் பறவைக்கு வைக்கும் சுருக்குக்கும் ஒரே சொல்லை நம் முன்னோர் பயன்படுத்தினர். நிலத்தில் புதைக்கும் வெடிக்கும் கடலில் மிதக்கவிடும் வெடிக்கும் பிற்காலத்தில் அந்தச் சுருக்கு நீண்டுவந்தது. பொருத்தமான நீட்சிதான்: வேடன் வைத்துவிட்டுப் போய்விடுகிறான்; யார் வருவார்கள் என்பது அவனுக்குத் தெரியாது.

கடற்கண்ணியின் எளிய வடிவம் இது. கடலடியில் ஒரு கனமான நங்கூரம். அதிலிருந்து மேல்நோக்கி ஒரு கம்பிவடம். வடத்தின் முனையில், நீர்மட்டத்துக்குச் சில மீட்டர் கீழே, கண்ணில் படாமல் மிதக்கும் இரும்புருண்டை, உள்ளே வெடிமருந்து. உருண்டையின் மேல் ஈயத்தாலான சிறு கொம்புகள். கப்பலின் அடிப்பகுதி ஒரு கொம்பை வளைத்தால் உள்ளேயிருக்கும் கண்ணாடிக் குப்பி உடைந்து, அமிலம் வடிந்து, மின்சாரம் பாய்ந்து வெடிக்கும். இதை அகற்றும் முறையும் எளியதே. கப்பலின் பின்னால் நீண்ட எஃகுவடம் ஒன்றை இழுத்துச்செல்வார்கள். வடத்தைக் கீழே அமுக்க ஒரு பலகை, பக்கவாட்டில் விரித்துச்செல்ல இன்னொரு பலகை, அதன் முனை எங்கே என்று காட்ட மேலே ஒரு மிதவை. மிதவையை மாலுமிகள் பன்றி என்று அழைத்தார்கள். வடத்தில் கத்திகள் உண்டு. அது கண்ணியின் வடத்தைச் சந்தித்தால் அறுத்துவிடும். கண்ணி மேலே வந்து மிதக்கும். சுட்டு மூழ்கடிப்பார்கள், அல்லது வெடிக்கச் செய்வார்கள்.

சொல்வதற்கு எளிது. வடத்தை இழுக்கும் கப்பல் நினைத்தபடி திரும்ப முடியாது. வேகம் எடுக்க முடியாது. வயலில் ஏர் ஓட்டுவதுபோல் ஒரே கோட்டில் சென்று, ஒரே கோட்டில் திரும்பிவர வேண்டும். நாசகாரிக்கு இருந்த காப்பு இரண்டே என்று முன்னர் சொன்னேன். வாரும் பணியில் அந்த இரண்டையும் அது தானே கழற்றி வைக்கிறது. தவிர, வடம் வாரித் தருவது தனக்குப் பின்னால் இருக்கும் நீரை. தான் மிதக்கும் நீரை எவரும் வாரியிருக்க மாட்டார்கள்.

இன்னொன்றும் உண்டு. அகற்றப்பட்ட கண்ணி ஒரு நிகழாத நிகழ்ச்சி. அதனால் உயிர்தப்பிய கப்பல் எது, அதில் இருந்தவர்கள் யார் என்று ஒருபோதும் தெரியவராது. ஒரு நீர்மூழ்கியைத் தாழ்த்தினால் பெயரும் எண்ணும் நாளும் பதிவில் ஏறும். கண்ணிவாரிகளின் சாதனை என்பது பிறர் கவனிக்காமல் கடந்துசென்ற கடல். எம்மன்ஸின் வாழ்க்கைக் குறிப்புகளில் நார்மண்டிக்குப் பத்திகள் இருக்க, ஒகினாவா முன்கடலை வாரிய நாட்களுக்கு ஓரிரு வரிகளே கிடைப்பதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். இது பிழையான கணக்கு என்பது என் எண்ணம். 1945 ஏப்ரல் 1 அன்று ஒகினாவாவில் இறங்கிய பெரும்படையின் ஒவ்வொரு கப்பலும், மார்ச் கடைசி வாரத்தில் கண்ணிவாரிகள் உழுதுவைத்த நீரில்தான் நின்றது.

வாரப்படாத நீர் எப்படிப்பட்டது என்பதற்கு அதே வாரத்தில் சாட்சி கிடைத்தது. மார்ச் 26 அன்று ஹாலிகன் என்ற நாசகாரி, இன்னும் சுத்தப்படுத்தப்படாத பகுதிக்குள் சென்று கண்ணியில் மோதியது. முன்பாதி வெடித்துச் சிதறியது. சுமார் 150 பேர் இறந்தார்கள். இரண்டு நாள் கழித்து ஸ்கைலார்க் என்ற கண்ணிவாரி தான் வாரவந்த கண்ணிகளாலேயே மூழ்கியது.

கண்ணிவாரி நாசகாரிகளின் ஊழ் பொதுவாகவே கடினமானது. பசிபிக் போரின் முற்பகுதியில் இந்தப் பணிக்கு முதல் உலகப்போர்க் காலத்துப் பழைய நாசகாரிகளைத்தான் மாற்றியமைத்திருந்தார்கள். 1944 செப்டம்பரில் பெர்ரி கண்ணியில் மோதி மூழ்கியது. 1945 ஜனவரியில் பிலிப்பைன்ஸின் லிங்கயேன் வளைகுடாவில் லாங், ஹோவி, பாமர் என மூன்று கப்பல்கள் இரண்டே நாளில் வான்தாக்குதலுக்கு இரையாயின. ஒவ்வொரு படையிறக்கத்திலும் போர்க்கப்பல்களுக்கு முன்னால், விமானந்தாங்கிகளுக்கு முன்னால், முதலில் செல்ல வேண்டியவை இவை. அந்தப் பழைய கப்பல்கள் குறைந்துபோனதால்தான் எம்மன்ஸ் போன்ற புதியவை அழைக்கப்பட்டன.

ஏப்ரல் 6 அன்று ஜப்பான் தன் முதல் பெருந்திரள் தற்கொடைத் தாக்குதலைத் தொடங்கியது. அதற்குக் கிகுசுய் என்று பெயர். நீரில் மிதக்கும் சாமந்தி என்று பொருள். 14ஆம் நூற்றாண்டில் தோல்வி உறுதி என்றறிந்தும் பேரரசருக்காகப் போரிட்டு மடிந்த குசுனோகி மசாஷிகேயின் குலச்சின்னம் அது. ஏப்ரல் 6, 7 தேதிகளில் மட்டும் முந்நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட விமானங்கள் திரும்பிவராத பயணமாகக் கிளம்பின. அதே நேரத்தில் யமாட்டோ என்ற உலகின் மிகப்பெரிய போர்க்கப்பலும் ஒகினாவாவை நோக்கி ஏவப்பட்டிருந்தது.

அன்று பிற்பகல் எம்மன்ஸும் ராட்மனும் ஒகினாவாவின் வடமேற்கே, முக்கியத் தீவுக்கும் இஹேயா தீவுகளுக்கும் இடைப்பட்ட கால்வாயில் இருந்தன. சிறிய கண்ணிவாரிகள் நீரை வாரிக்கொண்டிருந்தன. அவற்றுக்குத் துணை நிற்பதுதான் இரண்டின் வேலை. கியூஷூவிலிருந்து வரும் விமானங்களின் பாதையில் அந்த இடம் இருந்தது. தற்கொடை விமானிகளில் பலர் மிகக்குறைந்த பயிற்சி பெற்ற இளைஞர்கள். விமானந்தாங்கிகளைத் தேடிக் கண்டுபிடிக்கும் திறமையும் எரிபொருளும் காலமும் அவர்களுக்கு இல்லை. கண்ணில் பட்ட முதல் கப்பலே இலக்காயிற்று. ஒகினாவாப் போரில் பெருங்கப்பல்களைவிட முன்காவல் நின்ற நாசகாரிகளும் சிறுகலங்களும் மிகுதியாக அழிந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மூன்றரை மணியளவில் மேகத்திலிருந்து இறங்கிய ஒரு விமானம் ராட்மனின் முன்பகுதியில் மோதியது. தீ எழுந்தது. எம்மன்ஸ் விலகிச் சென்றிருக்கலாம். ராட்மனைச் சுற்றி வட்டமிடத் தொடங்கியது. அடிபட்ட கப்பலுக்கு விமான எதிர்ப்புக் குடை பிடிக்க. வானில் இப்போது பத்துப்பத்தாக விமானங்கள். மேலே அமெரிக்கப் போர்விமானங்கள் வந்து பலவற்றை வீழ்த்தின. எம்மன்ஸின் பீரங்கிகள் ஆறு விமானங்களைச் சுட்டு வீழ்த்தியதாகப் பதிவு. பிறகு, ஏறக்குறைய அடுத்தடுத்த கணங்களில், ஐந்து விமானங்கள் எம்மன்ஸின்மீது மோதின. ஒன்று கப்பலின் வால்பகுதியில். ஒன்று சுக்கான் அறையின் வலப்பக்கம். ஒன்று போர்த்தகவல் அறையின் இடப்பக்கம். ஒன்று மூன்றாம் எண் பீரங்கியில். ஒன்று நீர்மட்டத்தை ஒட்டி.

கப்பலின் கண்ணும் மூளையும் காலும் ஒருசேரப் போயின. கப்பல்தலைவர் லெப்டினன்ட் கமாண்டர் யூஜின் ஃபாஸ் படுகாயமடைந்தார். பீரங்கிப் பிரிவின் அதிகாரி லெப்டினன்ட் கிரிஃபின் பொறுப்பேற்றார். தீ வெடிமருந்துக் கிடங்குகளை நோக்கிப் பரவியது. அணைக்க முடிந்தவரை அணைத்தார்கள். காயம்பட்டவர்களை மிதவைகளில் இறக்கினார்கள். அருகிலிருந்த சிறு கப்பல்கள் நீரில் கிடந்தவர்களைத் தூக்கின. அந்தி சாய்ந்தபின் கப்பலைக் கைவிடும் உத்தரவு வந்தது. பி.ஜி.எம்-11 என்ற சிறு பீரங்கிப் படகு வந்து எஞ்சியவர்களை ஏற்றிக்கொண்டது. 60 பேர் இறந்தார்கள் அல்லது காணாமற்போனார்கள். 77 பேர் காயமடைந்தார்கள். கப்பலில் பாதிக்கு மேற்பட்டோர்.

ராட்மன் பிழைத்தது. அதிலும் 16 பேர் மாண்டார்கள். ஆனால் கப்பல் கெராமா தீவுகளில் இருந்த பழுதுபார்க்கும் துறைக்குப் போய்ச்சேர்ந்தது. எம்மன்ஸின் வட்டம் இல்லையென்றால் அது பிழைத்திருக்குமா என்பதைக் கணக்கிட வழியில்லை. இதுவும் ஒரு நிகழாத நிகழ்ச்சி.

ஆளற்ற எம்மன்ஸ் இரவு முழுவதும் மிதந்தது. அலையும் காற்றும் எதிரியின் கையிலிருந்த கரையை நோக்கி அதைத் தள்ளின. ரேடார், தகவல்தொடர்புக் குறிகள், பீரங்கிக் கட்டுப்பாட்டுக் கருவிகள் எல்லாம் கப்பலில் இருந்தன. ஏப்ரல் 7 அன்று அதை மூழ்கடிக்க ஒரு கப்பலை அனுப்பினார்கள். எல்லிசன். அதே வகை. டிடி-454, டிடி-456, டிடி-457 என்று எல்லிசனும் ராட்மனும் எம்மன்ஸும் நெருங்கிய எண்கள். மத்தியதரைக் கடலில் யு-616ஐ ஒன்றாகத் துரத்தியவை. ஷெர்போர்க்கில் ஒன்றாகச் சுட்டவை. ஒரே மாதத்தில் கண்ணிவாரிகளாக மாறியவை. எல்லிசன் தன் ஐந்து அங்குலப் பீரங்கிகளால் எம்மன்ஸைச் சுட்டு மூழ்கடித்தது. சுட்டவர்கள் அந்தக் கப்பலின் ஒவ்வொரு அறையையும் அறிந்தவர்கள். தங்கள் கப்பலின் அதே அறைகள். இந்தக் காட்சியை எந்த நாவலாசிரியராவது எழுதியிருந்தால் சற்று மிகையென்று நான் சொல்லியிருப்பேன்.

அன்று பிற்பகலில் யமாட்டோ மூழ்கியது. சுமார் 3,000 பேர் அதனுடன் போனார்கள். செய்தித்தாள்களும் வரலாறும் அந்தப் பக்கம் திரும்பின.

ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 2000ஆவது ஆண்டில், ஒகினாவாவின் வடக்கே கோவுரி என்ற சிறு தீவுக்கு அருகே கடலில் எண்ணெய் கசிவதைத் தேடிப்போன ஜப்பானியக் கடலோரக் காவல்படை அடியில் ஒரு கப்பல் கிடப்பதைக் கண்டது. அடுத்த ஆண்டு அமெரிக்க முக்குளிப்பாளர்கள் இறங்கி அது எம்மன்ஸ் என்று உறுதிசெய்தார்கள். சுமார் நாற்பது மீட்டர் ஆழத்தில் ஒருபக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. அந்தத் தீவைப் பற்றி ஒகினாவாவில் ஒரு கதை உண்டு. வானிலிருந்து ஒரு சிறுவனும் சிறுமியும் ஆடையின்றி அங்கே இறங்கினார்களாம். தினமும் வானத்திலிருந்து அரிசிப் பலகாரம் விழும், உண்டு மகிழ்ந்திருந்தார்கள். நாளைக்கு வேண்டுமே என்று ஒருநாள் சேர்த்துவைக்கத் தொடங்கினார்கள். அதோடு பலகாரம் நின்றுவிட்டது. ஒகினாவா மக்கள் அவர்களிடமிருந்து தோன்றினார்கள். 2005இல் கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர் நீளப் பாலம் வந்தபின் அது சுற்றுலாத் தீவு, காதலர்கள் வருகிறார்கள். பாலத்திலிருந்து பார்த்தால் தெரியும் பச்சைநீலக் கடலுக்கு அப்பால்தான் எம்மன்ஸ்.

கப்பலின் அருகே விமானங்களின் உடைசல்களும் கிடக்கின்றன. இயந்திரம் ஒன்றும் அடையாளம் காணப்பட்டிருக்கிறது. கியூஷூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒலியலைக் கருவிகளாலும் ஆயிரக்கணக்கான புகைப்படங்களாலும் அந்தக் கடலடியை முப்பரிமாண வரைபடமாக்கினார்கள். எம்மன்ஸைத் தாக்கியவை ஜப்பானியத் தரைப்படையின் 98ஆம் வகை நேரடி ஒத்துழைப்பு விமானங்கள் என்பது அவர்களுடைய முடிவு. இந்த விவரம்தான் என்னை இந்தக் கட்டுரைக்குக் கொண்டுவந்தது. அந்த விமானம் குண்டுவீச்சுக்கானதன்று, வான்போருக்கானதும் அன்று. சக்கரங்களை உள்ளிழுத்துக்கொள்ளக்கூட முடியாத, இருவர் அமரும் சிறிய வண்டி. சீனப் போர்க்களத்தில் தரைப்படைக்கு மேலே தாழப் பறந்து, எதிரி எங்கே இருக்கிறான் என்று பார்த்துச் சொல்வதற்காகச் செய்யப்பட்டது. தன் பக்கத்துக் காலாள்களுக்குக் கண்ணாக இருக்க வேண்டிய விமானம். 1945இல் வேறெதுவும் இல்லாதபோது, அதன்கீழ் ஒரு குண்டைக் கட்டி அனுப்பினார்கள்.

இப்படி, தன் பழைய தொழிலிலிருந்து பெயர்க்கப்பட்ட ஒரு கப்பலும், தன் பழைய தொழிலிலிருந்து பெயர்க்கப்பட்ட சில விமானங்களும் அந்தக் கால்வாயில் சந்தித்தன. ஆனால் பெயர்ப்பு இரண்டும் ஒன்றல்ல. இருபக்கமும் துயரம், இருபக்கமும் வீரம் என்று சமன்செய்து எழுதுவது இப்போது வழக்கமாகிவிட்டது. அதில் எனக்கு ஒப்புதல் இல்லை. கண்ணிவாரியாக மாற்றியவர்கள் எம்மன்ஸின் மாலுமிகளை அபாயத்துக்குள் அனுப்பினார்கள். திரும்பிவரும் வழியையும் வைத்திருந்தார்கள். விமானத்தை மாற்றியவர்கள் அந்த வழியை முதலிலேயே கழற்றிவிட்டார்கள். யு-616இன் 53 பேருக்கு எறியப்பட்ட கயிற்றை இந்த விமானிகளுக்கு எறிய எவராலும் முடியாது. குற்றம் அந்த இளைஞர்களுடையது அல்ல. கடலடியில் இரண்டின் இரும்பும் கலந்து கிடக்கிறது என்பது மட்டும் உண்மை.

ஒகினாவாவின் தெற்கில் மாபுனியில் 1995இல் ஒரு நினைவிடம் எழுப்பப்பட்டது. அமைதியின் அடிக்கல் என்று பெயர். அந்தப் போரில் இறந்தவர்கள் எந்த நாட்டவராயினும், படைவீரராயினும் குடிமக்களாயினும், கருங்கல்லில் பெயர் வெட்டப்பட்டிருக்கிறது. 2,40,000க்கும் மேற்பட்ட பெயர்கள். மிகப்பெரும் பகுதி ஒகினாவா மக்களுடையவை. அமெரிக்கப் பெயர்கள் பதினான்காயிரம். நினைவிடம் என்றாலே ஒரு தரப்பின் நினைவிடம் என்று ஆகிவிட்ட உலகத்தில் இது ஓர் அசாதாரணமான கல். பட்டியல் மட்டுமே, விளக்கவுரை இல்லை. பழைய லெப்டினன்ட் எம்மன்ஸ் இருந்திருந்தால் அவருக்குப் பிடித்திருக்கும்.

ராட்மன் போருக்குப் பின் 1955இல் தைவானுக்குக் கொடுக்கப்பட்டது. எல்லிசனின் கதை இன்னும் விசித்திரமானது. 1954இல் அமெரிக்கா அதை ஜப்பானின் புதிய கடல் தற்காப்புப் படைக்கு வழங்கியது. அசகாசே என்று அதற்குப் புதுப்பெயர். காலைக்காற்று என்று பொருள். எம்மன்ஸை மூழ்கடித்த கப்பலில் ஜப்பானிய மாலுமிகள் பதினைந்து ஆண்டுகள் பணிபுரிந்தார்கள்.

அமெரிக்கச் சட்டப்படி எம்மன்ஸ் இன்றும் அமெரிக்கக் கடற்படையின் உடைமை, போர்க்கல்லறை. 2004இல் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று மூழ்கிய போர்க்கலங்களிலிருந்து எதையும் எடுப்பதைத் தடைசெய்கிறது. முக்குளிப்பாளர்கள் இறங்கலாம், பார்க்கலாம். கப்பல்கட்டும் தளத்தின் பெயரைத் தாங்கிய பித்தளைத் தகடு ஒன்று அதன் உடலில் இருந்தது. பாத் நகரில் பொருத்தப்பட்டது. ஐந்து விமானங்களின் மோதலுக்கும் எல்லிசனின் குண்டுகளுக்கும் எழுபத்தைந்து ஆண்டுக் கடல்நீருக்கும் அது அசையவில்லை. 2020இல் யாரோ அதைப் பெயர்த்து எடுத்துச் சென்றிருப்பது தெரியவந்தது.